ஃபார்மேட் அடிக்கும் முன் ஒரு நிமிஷம்: ஷேரிங், பெர்மிஷன் கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் ஃபோல்டரை ஷேர் செய்யப் போய், பெர்மிஷனில் கை வைத்து மாட்டிக்கொண்டவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டி டிரைவில் என் அலுவலக ஃபைல்களை மகன் தொடக்கூடாது என்று, செக்யூரிட்டியில் 'எவ்ரிஒன்' பெயருக்கு 'டினை' டிக் போட்டேன். இப்போது எனக்கே திறக்கவில்லை. நான்தானே சார் அட்மின்?

அட்மின்தான். ஆனால் 'எவ்ரிஒன்' என்றால் உங்களையும் சேர்த்துத்தான். அலோவும் (அனுமதி) டினையும் (மறுப்பு) ஒரே இடத்தில் மோதினால் டினைதான் ஜெயிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நானும் இதையே செய்துவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீட்டம்மா காபியை வைத்துவிட்டு, "என்ன தம்பி, ஆயிடுச்சா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை. விண்டோஸில் ஒரு ஃபோல்டரின் ஓனருக்கு அதைத் திறக்க அனுமதி இல்லாமல் போனாலும், அனுமதிப் பட்டியலைத் திருத்தும் உரிமை இருக்கும். ஓனர் ஆகும் உரிமை அட்மினுக்கு எப்போதும் உண்டு. டி டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் என்ற வரியின் பக்கத்தில் 'சேஞ்ச்' இருக்கும். உங்கள் பெயரை அடித்து, 'செக் நேம்ஸ்' அழுத்தி ஓகே கொடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் ஓனரை மாற்றும் டிக் ஒன்று கீழே வரும், அதையும் போடுங்கள். அப்புறம் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, அந்த டினை வரியைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்'.

மகன் விஷயத்துக்கு டினையே வேண்டாம். அவனுக்கு ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் திறந்து கொடுத்து, உங்கள் ஃபைல்களை உங்கள் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் வையுங்கள். அவனால் அங்கே நுழைய முடியாது.

கேள்வி: வீடியோ ஒன்றைப் பார்த்து சி டிரைவ் முழுக்க 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தேன். ஓனரையும் என் பெயருக்கு மாற்றினேன். ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, அப்டேட்டும் ஏறவில்லை. பழையபடி ஆக்க ஒரு கட்டளை சொல்லுங்கள் அண்ணா.

அப்படி ஒரு கட்டளை கிடையாது தம்பி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றுக்கு 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற சேவைதான் ஓனர். உள்ளே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் வெவ்வேறு பட்டியல். எல்லாவற்றையும் ஒரே சுண்ணாம்பால் பூசிவிட்டீர்கள். அடியில் என்ன நிறம் இருந்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது. நெட்டில் கிடைக்கும் 'ரீசெட்' கட்டளையை சி டிரைவ் மேல் ஓட்டினால் இன்னும் மோசமாகும்.

முதலில் படம், பத்திரம், கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே பதிப்பு, அதே மொழியில் ஐஎஸ்ஓ (விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்து 'செட்டப்' ஓட்டுங்கள். ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் மட்டும் புதிதாக உட்காரும். பூட் ஆகிறவரைதான் இந்த வழி. பென் டிரைவிலிருந்து பூட் செய்து போனால் அந்த வாய்ப்பு வராது. இதற்கும் மசியவில்லை என்றால் புது இன்ஸ்டால்தான், வேறு வழியில்லை.

கேள்வி: ஷேர் ஃபோல்டரில் போட்ட கல்யாணப் படங்களில் பாதிதான் மனைவியின் லேப்டாப்பில் திறக்கிறது. மீதிக்கு 'ஆக்செஸ் டினைட்'. ஒரே ஃபோல்டர்தானே?

திறக்கும் பாதியை காப்பி செய்திருப்பீர்கள், திறக்காத பாதியை கட் செய்து ஒட்டியிருப்பீர்கள். காப்பி செய்தால் புது ஃபைல் பிறக்கிறது, போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்கிறது. அதே டிரைவுக்குள் கட் செய்து நகர்த்தினால் ஃபைல் பழைய பூட்டோடுதான் குடிபோகும். டிரைவ் விட்டு டிரைவ் போனால் அது காப்பிதான், பிரச்சினை இல்லை. ஷேர் ஃபோல்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில், கீழே, உள்ளே இருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் இதன்படி மாற்று என்ற பொருளில் ஒரு டிக் உண்டு. அதைப் போட்டு அப்ளை செய்யுங்கள். இந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், டிரைவ் முழுக்க அல்ல.

இதோடு இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டு கேட்: 'ஷேரிங்' பக்கத்து அனுமதி, 'செக்யூரிட்டி' பக்கத்து அனுமதி. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். பலர் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஷேர் ஃபோல்டரை இன்னொரு கணினியிலிருந்து திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் அடிக்கும் பின் நம்பரைப் போட்டால் தப்பு என்கிறது.

பின் நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும். நெட்வொர்க்கில் அக்கவுண்டின் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட்டை வெளியிலிருந்து விண்டோஸ் உள்ளே விடாது.

கேள்வி: பழைய கணினி செத்துவிட்டது. அதன் டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டுப் புதுக் கணினியில் சொருகினால் என் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று நீள நம்பர் வருகிறது. அதே யூசர் பெயர்தான் இங்கேயும்.

விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை, அந்த நம்பரைத்தான் பார்க்கிறது. புது மெஷினில் நீங்கள் வேறு ஆள். முதல் கேள்விக்குச் சொன்னபடி ஓனரை மாற்றி, உங்களுக்கு அனுமதி சேர்த்தால் திறக்கும். ஆனால் ஃபைலின் மேல் குட்டிப் பூட்டுப் படம் இருந்தால் அது என்கிரிப்ட் ஆனது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியது. பழைய சான்றிதழ் இல்லாமல் ஓனர் ஆகிப் பயனில்லை. டிஸ்கே பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமிப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் சொருகிய பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. செக்யூரிட்டி டேபையே காணோம்.

இது பெர்மிஷன் அல்ல, வைரஸ். உங்கள் ஃபைல்களை மறைத்து வைத்துவிட்டு ஷார்ட்கட்டைக் காட்டுகிறது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆன டிரைவ்களில் விண்டோஸ் அனுமதிப் பட்டியல் வைப்பதே இல்லை, அதனால்தான் டேப் வரவில்லை. எந்த ஷார்ட்கட்டையும் கிளிக் செய்யாமல் முதலில் ஸ்கேன். பிறகு எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் எல்லாம் தெரியும்.

கேள்வி: பழைய மீடியா பாக்ஸுக்காக எஸ்எம்பி1ஐ (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) ஆன் செய்யலாமா?

வேண்டாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவிய ஓட்டை அந்த வழியில்தான் இருந்தது. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே அதைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டது. பாக்ஸில் பென் டிரைவைச் சொருகிப் படம் பாருங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ரூட்டிலிருந்து (டிஸ்கின் உச்சி ஃபோல்டர்) எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேன். அட்மினாகக் கட்டளை ஓட்ட உதவும் சுடோ வேலை செய்யவில்லை.

சுடோவுக்கு ஒரு விசேஷக் கொடி உண்டு, 777 அதை அழித்துவிடும். அதை மட்டும் திருப்பிக் கொடுத்தாலும் மற்ற நூறு இடங்களில் இடிக்கும். வேறு கணினிக்குள் நெட்வொர்க் வழியாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவி ஃபைலை எல்லாரும் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதைத் தொடாது. லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்து, மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு மாலை வேலை.

கேள்வி: மாற்றுவதற்கு முன் பெர்மிஷனையே பேக்கப் எடுக்க முடியுமா?

முடியும், யாரும் செய்வதில்லை. ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஆறெழுத்துக் கட்டளையோடு 'சேவ்' கொடுத்தால் பட்டியல் ஒரு ஃபைலில் விழும். 'ரீஸ்டோர்' செய்யும்போது அதே ஃபோல்டரை அல்ல, அதற்கு மேல் இருக்கும் ஃபோல்டரைக் குறிப்பிட வேண்டும். இங்கேதான் எல்லாரும் வழுக்குவார்கள்.

கேள்வி: கடைக்காரர் ஃபார்மேட் செய்தால்தான் ஆகும் என்கிறார். உள்ளே அப்பாவின் படங்கள் இருக்கின்றன.

லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து பார்த்தீர்களா என்று அவரிடம் கேளுங்கள். விண்டோஸின் அனுமதிப் பட்டியலை லைவ் லினக்ஸ் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. பிட்லாக்கர் இல்லாத டிஸ்க் என்றால் படங்கள் நேராகத் தெரியும். உங்கள் முன்னாலேயே காப்பி எடுக்கச் சொல்லுங்கள். நாலைந்து படத்தை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகு ஃபார்மேட் செய்துகொள்ளட்டும்.