பரங்கிமலை ஓடிஏவில் பயிற்சியில் இருக்கும் காதலரைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் நாம் நினைக்கிற நாளில் முடியாது, முதல் சில வாரங்களில் சுத்தமாக முடியாது. ஏப்ரலில் அவர் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் சென்னை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் (ஓடிஏ) சேர்கிறார், கோவையிலிருந்து மாதம் ஒருமுறையாவது வர ஆசை, சொல்லாமல் போய் கேட்டில் நின்றால் பார்க்க விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனைவி அங்கே பயிற்சி முடித்தவர். அப்போது எங்களுக்கு வீட்டில் பேசி முடித்திருந்தார்கள், கல்யாணம் ஆகவில்லை. ஆகவும் கூடாது. பயிற்சி முடியும்வரை கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று உறுதி கொடுத்துத்தான் சேர்கிறார்கள், நடுவில் செய்துகொண்டால் வெளியே அனுப்பிவிட்டு அரசு செலவழித்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது "கோயில்ல சிம்பிளா முடிச்சிடலாம், அப்புறம் ரிசப்ஷன் வெச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சொல்லாமல் போய் நிற்பது வேண்டவே வேண்டாம். அங்கே வெளியே விடுவதை லிபர்ட்டி என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்பதற்காக அது கிடைத்துவிடாது. முதலில் டிரில் டெஸ்டில், அதாவது அணிவகுப்புப் பரீட்சையில், தேற வேண்டும். தேறிய பிறகும் அந்த வாரம் கேம்ப் இருந்தால் கிடையாது, ஏதோ தப்புக்காக வெளியே போகத் தடை (ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்) போட்டிருந்தால் கிடையாது, அந்தத் தப்பு அவர் செய்ததாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை, கூட இருப்பவன் தாமதமாக வந்ததற்கு எல்லோரும் சேர்ந்து ரகடா, அதாவது உடம்பை வருத்தும் தண்டனை, வாங்குகிற இடம் அது. நீங்கள் வெளியே காத்திருக்கிறீர்கள், தன்னால் வர முடியாது என்று தெரிந்தால் அவர் மனசு அன்றைக்கு எதில் ஓடும்? அதனால் அவர் "லிபர்ட்டி உண்டு" என்று சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள், தட்கலில் எடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் சென்ட்ரல், அங்கேயே மெட்ரோ பச்சை வழித்தடத்தில் ஏறினால் நேராகப் பரங்கிமலை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த நாள் உங்கள் இருவருக்கும் டேட்டிங் நாள் இல்லை, அவருக்கு ஓய்வு நாள். வாரம் முழுக்க இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து, ஓடி, பரேடு முடித்து, வகுப்பில் கண் சொருக உட்கார்ந்து, ராத்திரி பூட்ஸ் பாலீஷ் போட்டுவிட்டுப் படுக்கிற ஒரு மனிதருக்குக் கிடைக்கிற சில மணி நேரம் அது. அதில் மெரினா, தி.நகர், ஒரு படம், நண்பர்களுக்கு அறிமுகம் என்று திட்டம் போட்டு வராதீர்கள்.

என் அக்கா வீடு நங்கநல்லூரில், அகாடமியிலிருந்து பக்கம். என் மனைவி வெளியே வரும் நாளில் நேராக அங்கேதான் போவோம். அக்கா கேட்டு வைத்துக்கொண்டு சமைப்பாள், பெரும்பாலும் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் தயிர் சாதமும்தான். சாப்பிட்ட கையோடு என் மனைவி ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுத் தூங்கிவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய போனில் அம்மா அப்பாவுக்கு "சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறாள்" என்று மெசேஜ் போடுவேன். கால் எல்லாம் கொப்புளம், முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும். நடக்க வைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது அங்கே சகஜம், காயத்தால் ரொம்ப நாள் பயிற்சி விட்டுப்போனால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள். ரெலிகேட் ஆவது என்பார்கள். அந்த வார்த்தைக்கு அவர்கள் பயப்படுகிற மாதிரி வேறு எதற்கும் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் தூங்குகிற நேரத்தில் ஒருநாளும் எனக்கு ஏமாற்றமாகத் தோன்றியதில்லை, என் கண் முன்னால் தூங்குகிறாள் என்பதே அன்றைக்குப் போதுமாக இருந்தது. எழுந்து ஒரு காபி குடித்த பிறகு அவளே பேச ஆரம்பிப்பாள், அந்த ஒரு மணி நேரப் பேச்சு வாரக்கணக்கில் போனில் பேசியதற்கு மேல்.

சண்டை, சந்தேகம், "ஏன் நேத்து கூப்பிடல" எதையும் அந்த நாளுக்கு எடுத்துவராதீர்கள். போன் எப்போது கையில் இருக்கும் என்பது அவர்கள் இஷ்டம் இல்லை. அப்புறம், குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் கிண்டி, கத்திப்பாரா பக்கம் டிராஃபிக்கை நம்பவே முடியாது, ஐந்து நிமிடம் தாமதத்துக்கும் அடுத்த லிபர்ட்டி போய்விடும்.

மொத்தப் பயிற்சி 49 வாரம், இரண்டு டெர்ம், நடுவில் விடுமுறை வரும். அந்த விடுமுறையில் அவர் ஊருக்கு வருவார், மாதாமாதம் வருவதற்கு வைத்திருக்கிற பணத்தையும் லீவையும் அதற்கும் கடைசி அணிவகுப்புக்கும் சேர்த்து வையுங்கள் என்பது என் அபிப்பிராயம். பாசிங் அவுட் பரேடு என்கிற அந்தக் கடைசி அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர். அதே அகாடமியில் படித்து 1972இல் அதிகாரியானவர், 1987 நவம்பரில் இலங்கையில் சண்டையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். பயிற்சி வருஷம் முழுக்க அந்த மைதானத்தில்தான் காலைத் தேய்க்கிறார்கள், அதனால் எங்களுக்கு முதலில் காட்டியதே அந்தப் பெயரைத்தான். பரேடு முடிந்து தோளில் நட்சத்திரம் குத்துவார்கள், லெஃப்டினன்ட் என்றால் ஒரு தோளுக்கு இரண்டு. என் மனைவிக்கு ஒரு தோளுக்கு அவள் அம்மா, இன்னொன்றுக்கு அப்பா. நான் தள்ளி நின்று போட்டோ எடுத்தேன். நீங்களும் அதை அவருடைய பெற்றோருக்கு விட்டுவிடுங்கள், அவராகக் கூப்பிட்டால் போங்கள்.

அதோடு பயிற்சி முடிந்துவிடாது. எந்தப் பிரிவு கிடைக்கிறதோ அதற்குத் தகுந்த இடத்தில் இளம் அதிகாரிகளுக்கான கோர்ஸ் உண்டு, பீரங்கிப் படை என்றால் தேவ்லாலி, காலாட்படை என்றால் மாவ். என் மனைவிக்கு ஆயுதம், தளவாடங்களை வழங்கும் ஆர்ட்னன்ஸ் பிரிவு, அதனால் ஜபல்பூர். ஒரு நாளுக்கு மேல் ரயிலில் போய்ப் பார்த்தேன், அங்கே அவள் அதிகாரி என்பதால் ஞாயிற்றுக்கிழமை பேடாகாட் பளிங்குப் பாறைகள்வரை நிதானமாகச் சுற்றினோம். ஊர் சுற்றும் ஆசையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் சேர்ந்தால் அணிவகுப்பு அடுத்த மார்ச்சில் வரும். பார்வையாளர் பட்டியலில் உங்கள் பெயரையும் கொடுக்கச் சொல்லிவிடுங்கள், ஆஃபீஸில் இப்போதே லீவுக்குச் சொல்லி வையுங்கள்.