ஒரு எலும்புத் துண்டை வைத்து "இது நிமிர்ந்து நடந்தது, வயது 34 லட்சம் ஆண்டு" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நடந்ததா என்பதற்கு எலும்பு பதில் சொல்லும். வயது என்ன என்பதற்குப் பெரும்பாலும் மண்தான் பதில் சொல்லும்.

முதலில் எலும்பு. நீங்கள் கேட்கும் 34 லட்சம் ஆண்டுத் துண்டு, எத்தியோப்பியாவின் ஹடாரில் 1973-ல் தொல்மானுடவியலாளர் டொனால்ட் ஜொஹான்சன் கண்டெடுத்த முழங்கால் மூட்டு. தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் இருந்தன. மண்டையோடும் இல்லை, பல்லும் இல்லை. (புகழ்பெற்ற 'லூசி' எலும்புக்கூடு கிடைத்தது அடுத்த ஆண்டுதான்.) ஆனாலும் நிமிர்ந்து நடந்த உயிரின் மூட்டு என்று சொல்ல அதுவே போதும்.

காரணம் ஒரு கோணம். தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு குமிழ்கள் உண்டு. இரண்டும் மேசையில் சமமாகப் படியும்படி மனித எலும்பை நிறுத்திப் பாருங்கள். தண்டு நேராக நிற்காது, 8 முதல் 11 டிகிரி வரை வெளிப்பக்கம் சாயும். சிம்பன்சியின் எலும்பு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கினால் மொத்த எடையும் மற்றக் காலில் இறங்குகிறது. அந்தக் கால் உடலின் நடுக்கோட்டுக்கு அருகே இருந்தால்தான் உடம்பு பக்கவாட்டில் ஆடாது. முழங்கால்களை உள்ளே கொண்டுவருவது இந்தச் சாய்வுதான்.

இதில் எனக்கு மிக வலுவாகப்படும் சான்று வேறொன்று. பிறந்த குழந்தைக்கு இந்தக் கோணம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். நடக்கப் பழகி, எடை விழ விழத்தான் எலும்பு சாய்ந்து வளர்கிறது. நடக்கவே இயலாத குழந்தைகளுக்கு அது உருவாவதில்லை. ஆக, ஹடார் மூட்டில் இருக்கும் சாய்வு அந்த உயிர் வாழ்நாளில் உண்மையாகவே இரண்டு காலில் நடந்ததன் தடம்.

மண்டையோட்டில் பார்ப்பது, தண்டுவடம் இறங்கும் பெருந்துளை. நிமிர்ந்து நடப்பவற்றில் அது முன்னே தள்ளி, அடிப்பக்கத்தில் இருக்கும். 1924-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 'டாங் குழந்தை' என்ற புதைபடிவ மண்டையோட்டில் உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட் கவனித்தது இதைத்தான். ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. சாட் நாட்டில் 2001-ல் கிடைத்த, 60 முதல் 70 லட்சம் ஆண்டுப் பழைய 'டூமாய்' மண்டையோடு நசுங்கிப் போயிருந்தது. கணினியில் நிமிர்த்திய வடிவத்தை வைத்துத்தான் துளையின் இடத்தைச் சொன்னார்கள். அது நடந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இனி வயது. கார்பன்-14 சிதைவை வைத்து வயது அளக்கும் முறை இங்கே உதவாது. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. எனவே எலும்புக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளை அளக்கிறார்கள். பாறை உருகும்போது உள்ளிருந்த ஆர்கான் வாயு வெளியேறிவிடும். படிகம் இறுகிய பிறகு, அதிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்து உண்டாகும் ஆர்கான் உள்ளேயே சிறைப்படும். பொட்டாசியத்தின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 125 கோடி ஆண்டு என்பதால் லட்சக்கணக்கான ஆண்டுகளைத் தாராளமாக அளக்கலாம். கீழ் அடுக்கைவிட இளையது, மேல் அடுக்கைவிட மூத்தது: எலும்பின் வயது இப்படித்தான் வருகிறது. தான்சானியாவின் லெய்டோலியில் சாம்பலிலேயே காலடித் தடம் பதிந்திருப்பதால் 36.6 லட்சம் ஆண்டு என்று இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடிகிறது.

தவறு நுழைவதும் இங்கேதான். கென்யாவின் கூபி ஃபோராவில் ஒரு சாம்பல் அடுக்குக்கு முதலில் சுமார் 26 லட்சம் ஆண்டு என்று கணக்கிட்டார்கள். 1972-ல் அதற்குக் கீழே கிடைத்த 1470 எண் கொண்ட மனித மூதாதை மண்டையோடு அதைவிடப் பழையதாகிவிட்டது. அந்தக் காலத்துக்கு மூளை மிகப் பெரியது. சிக்கலைக் காட்டிக்கொடுத்தவை பன்றிகள்! அதே அடுக்குகளின் பன்றிப் பற்கள், எத்தியோப்பியாவின் ஓமோ பகுதியில் சுமார் 20 லட்சம் ஆண்டுப் பற்களோடு பொருந்தின. ஆற்றுநீர் சாம்பலை அடித்து வந்தபோது பழைய பாறையின் படிகங்களும் அதில் கலந்துவிட்டன. திரும்ப அளந்ததில் அந்த அடுக்கு ஏறக்குறைய 19 லட்சம் ஆண்டுதான். இன்று ஒவ்வொரு படிகத்தையும் தனித்தனியே அளப்பதால், பொருந்தாத கிழட்டுப் படிகத்தை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம்.

இன்னொரு தொல்லை: பல எலும்புகள் சரிவில், மேற்பரப்பில் கிடக்கும். எந்த அடுக்கிலிருந்து உருண்டது? எலும்பின் பிளவில் ஒட்டிய மண்ணை மேலுள்ள அடுக்குகளோடு ஒப்பிட வேண்டும்; சரிவு மண் முழுவதையும் சலித்து மீதித் துண்டுகளைத் தேட வேண்டும். இதைச் செய்யாத வயதுக் கணக்கை நம்பாதீர்கள்.

உருவத்தை வைத்து வயதை ஊகிப்பதையும்தான். தென்னாப்பிரிக்கக் குகையில் 2013-ல் கிடைத்த ஹோமோ நலேடி என்ற பழைய மனித இனத்தின் மூளை சில மண்டையோடுகளில் 500 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. பார்த்தவர்களில் பலர் அது 20 லட்சம் ஆண்டுப் பழையதாக இருக்கலாம் என்றே நினைத்தார்கள். பற்களையும் குகையின் சுண்ணாம்புப் படிவையும் அளந்து 2017-ல் வந்த முடிவு: 2,36,000 முதல் 3,35,000 ஆண்டு வரை.