அந்த 40 நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாகத் தூங்கும்போது கையில் தூக்கத்தை அளக்கும் பட்டை கட்டுகிறேன். ஆழ்ந்த உறக்கம் 40 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அதைக் கூட்டத்தான் இரவு 9.30க்கே படுக்கிறேன்; எழுவது 6.30. பட்டை தரும் தூக்க மதிப்பெண் குறைந்தால் அன்று முழுக்க மனசே சரியில்லை. மோதிரத்துக்கு மாறலாமா? தூக்க ஹார்மோனான மெலட்டோனினை மாத்திரையாக எடுத்தால் உதவுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மோதிரமோ பட்டையோ, தளராமல் பொருந்துவதைப் போடுங்கள். மெலட்டோனினை மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்குக் கோபம் அந்த 40 நிமிடத்தின் மேல். ஆழ்ந்த உறக்கம் தெரிவது மூளை அலையில். ஆய்வகத்தில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, பதிவை 30 நொடித் துண்டுகளாகப் படிப்பார்கள். மணிக்கட்டில் மூளை அலை ஏது? கை அசைகிறதா, நாடி எப்படித் துடிக்கிறது என்று பார்த்துப் பட்டை ஊகிக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊகத்துக்காகவா நாளெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நேற்றுத் தரமாகத் தூங்கினீர்கள் என்று பொய் சொல்லப்பட்டவர்கள் கவனத் தேர்வை நன்றாகச் செய்தார்கள். மோசம் என்று கேட்டவர்கள் சொதப்பினார்கள். 2017இல் உங்கள் தவிப்புக்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

9.30க்குப் படுப்பதுதான் பெரிய தப்பு. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முன்னிரவில் வருவது. எவ்வளவு நேரம் விழித்திருந்தோமோ அதற்கேற்ப வருவது. சீக்கிரம் படுத்தால் புரளுவதுதான் அதிகமாகும்.

மதிப்பெண் அறிவிப்பை அணைத்துவிட்டு, 2 வாரம் காலையில் நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கிய நேரம், நடுவே விழித்தது, எழுந்த நேரம். இரவில் மணி பார்க்காதீர்கள், குத்துமதிப்பு போதும். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கிடந்த நேரத்தால் வகுங்கள். 9 மணி நேரம் கிடந்து 6 மணி நேரம் தூங்கினால் 67 சதவீதம். 85 வர வேண்டும். உங்கள் நோட்டிலும் தூக்கம் 6 மணி நேரம்தான் என்றால், 6.30க்கு எழுவதை ஞாயிறன்றும் மாற்றாமல், படுப்பதை மட்டும் 12.30க்குத் தள்ளுங்கள். 85ஐத் தாண்டும் வாரங்களில் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். முதல் வாரம் பகலில் கண்ணைச் சொருகும், வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு, இருமுனை மனநோய், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த முறையைத் தொடவே வேண்டாம். மனச்சோர்வு 2 வாரம் விடாமல் இருந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

வகுக்கும்போது பட்டை சொல்லும் தூக்க நேரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அசையாமல் விழித்துக் கிடந்ததையும் அது தூக்கத்தில் சேர்த்துவிடும். 67 வர வேண்டிய இடத்தில் 90 வந்து நிற்கும்.