சாவிய தொடாதீங்க: தண்ணில நின்ன பிக்கப் பத்தி கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல மழைத்தண்ணில நின்ன லோடு வண்டி பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த தடவைக்கு வச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணே, என் பிக்கப் ரெண்டு நாள் தண்ணில நின்னுச்சு. சரி பண்ண எவ்ளோ ஆகும்?

என்ன வண்டி, எந்த வருஷ மாடல், தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு, அப்புறம் செல்ஃப் அடிச்சீங்களா இல்லையா, இந்த நாலும் சொல்லாம ரேட் எப்படிங்க சொல்றது? வீல் நடுவுல இருக்கற ஹப் வரைக்கும் நின்ன வண்டின்னா ஆயில், கிரீஸ், பிரேக் வேலையோட 10,000 ரூபா கிட்ட முடிஞ்சிடலாம், டேஷ்போர்டு முழுகினதுன்னா வயரிங் மட்டுமே அதத் தாண்டிப் போகும். கதவு உள்பக்கம், சீட்டு பின்னாடி தண்ணி நின்ன கோடு தெரியும், டேப் வச்சு தரையிலேர்ந்து அளந்து எழுதுங்க, அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் பேட்டரி நெகட்டிவ கழட்டி வைங்க.

கேள்வி: முடிச்சூர் பக்கம் இருக்கேன், டாடா 207, பழைய வண்டி. போனட் மேல வரைக்கும் தண்ணி. வடிஞ்சதும் சும்மா ஒரு தடவ செல்ஃப் அடிச்சுப் பாத்தேன், டக்குனு ஒரு சத்தம், அதோட சுத்தல. பேட்டரி வீக்குன்னு நினைச்சு பசங்கள வச்சு தள்ளி செகண்ட் கியர்ல விட்டோம், வீல் இழுத்துக்கிட்டு வருது, இன்ஜின் அசையல. என்ன பண்ணலாம்?

இந்த "சும்மா ஒரு தடவ"ங்கற வார்த்தைய ஒவ்வொரு மழைக்கும் கேக்கறேன், கேக்கும்போதெல்லாம் வயிறு எரியுது. தண்ணில நின்னதால மட்டும் போன இன்ஜின நான் ரொம்ப கம்மியாதான் பாத்திருக்கேன், தண்ணிய உள்ள வச்சுக்கிட்டே செல்ஃப் அடிச்சு கெடுத்ததுதான் ஷெட்டுக்கு வரிசைகட்டி வருது. 2015 டிசம்பர்லயும் இதேதான், 2023 மிக்ஜாம் புயலப்பவும் இதேதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. உங்க இன்ஜின் கிட்டத்தட்ட 3 லிட்டர், நாலு சிலிண்டர், அப்போ ஒரு சிலிண்டருக்கு முக்கால் லிட்டர். டீசல் இன்ஜின்ல கம்ப்ரஷன் 18க்கு 1 கிட்ட, அதாவது உள்ள இருக்கற காத்த 18ல ஒரு பங்கா அமுக்குதுன்னு வச்சுக்கிட்டா பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கற இடம் 45 மில்லி கூட வராது. காத்துன்னா அந்த இடத்துல அமுங்கும், தண்ணி அமுங்காது. அந்த 45 மில்லிக்கு மேல தண்ணி உள்ள இருந்து நீங்க சாவிய திருப்பினா, நடுவுல மாட்டிக்கிட்டு வளையறது பிஸ்டனையும் கிராங்கையும் சேக்கற கனெக்டிங் ராடுதான். அதோட விட்டீங்களா, தள்ளியும் பாத்திருக்கீங்க. செல்ஃப் மோட்டாராவது முடியலன்னா நின்னுடும், வண்டி வெயிட்டோட உருண்டு வர்ற வேகத்துல கியர போட்டு கிளட்ச விட்டா அது எவ்ளோ பெரிய அடின்னு யோசிக்க வேணாமா? இன்னொரு வண்டில கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஐடியா குடுக்கறவங்க யாரா இருந்தாலும் அவங்கள வண்டி கிட்டயே விடாதீங்க.

இப்போ செய்ய வேண்டியது: நெகட்டிவ கழட்டுங்க. ஏர் ஃபில்டர் டப்பாவ திறந்து பாருங்க, பேப்பர் நனைஞ்சிருந்தா தண்ணி உள்ள போயிருக்குன்னு வச்சுக்கங்க. சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற நாலு நாசிலையும் கழட்டி, கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்துங்க, ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிக்கும், மூஞ்சிய மேல நீட்டாதீங்க. ரெண்டு மூணு சுத்து ஃப்ரீயா வந்தா அந்த ஓட்டை வழியாவே ஒரு கம்பி விட்டு ஒவ்வொரு பிஸ்டனும் எவ்ளோ உயரம் மேல வருதுன்னு அளந்து பாக்கச் சொல்லுங்க. ஒன்னு மட்டும் குட்டையா நின்னா அந்த ராடு வளைஞ்சிருச்சு, ஹெட்டும், அடில ஆயில் நிக்கற சம்பும் இறக்கித்தான் ஆகணும், 50,000 ரூபாய்க்கு குறைஞ்சு யாராவது முடிச்சுத் தரேன்னா என்னென்ன மாத்தறாங்கன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. லேசாத்தான் வளைஞ்சிருக்கு ஓடட்டும்னு விட்டுடாதீங்க, கொஞ்ச நாள் ஓடிட்டு லோடோட போறப்ப ராடு உடைஞ்சு பிளாக்க கிழிச்சுட்டு வெளிய வரும், அப்புறம் அந்த இன்ஜின் எடைக்குத்தான்.

கேள்வி: ஆயில் பால் கலந்த மாதிரி வெள்ளையா இருக்கு. டாப்-அப் பண்ணா போதுமா?

போதாது. முழுசா இறக்குங்க. ராத்திரி பூரா அசைக்காம நின்ன வண்டின்னா, காலைல சம்ப் போல்ட்ட லேசா தளர்த்தினா கலக்காம அடில நிக்கற தண்ணிதான் முதல்ல வரும். ஃபில்டர் மாத்தி, விலை கம்மி ஆயில் ஊத்தி ஒரு கால் மணி நேரம் ஐடிலிங்ல ஓட்டி அதையும் இறக்குங்க, மறுபடி வெள்ளையா வந்தா இன்னொரு தடவ. அதுக்கப்புறம் நல்ல ஆயில். நாசில கழட்டி சிலிண்டர் காலின்னு பாக்காம ஸ்டார்ட் பண்ணக்கூடாது, திரும்பவும் சொல்றேன்.

கேள்வி: கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்சில் நடுவுல இருக்கற கியர்) ஆயிலும் மாத்தணுமா?

மாத்தணும். ஓடி சூடா இருக்கற ஹவுசிங் பச்சத்தண்ணில இறங்கினா உள்ள காத்து சுருங்கி காத்து போக வர்ற பிரீதர் ஓட்டை வழியா தண்ணிய இழுத்துக்கும். வெளில சொட்டு லீக் இல்லேங்கறது இதுக்கு பதில் ஆகாது.

கேள்வி: தாமிரபரணி பக்கம், 2023 டிசம்பர் வெள்ளத்துல முழுகின பொலேரோ பிக்கப். அன்னைலேர்ந்து தொடவே இல்ல, தோட்டத்துல நிக்குது. எழுப்ப முடியுமா?

காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட கொட்டின மழை அது, உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு வாரத்துக்குள்ள நாசில கழட்டி கொஞ்சம் ஆயிலாவது விட்டிருந்தா வேலை பாதியா போயிருக்கும். இப்போ பிஸ்டன் ரிங்கு, சிலிண்டர் லைனர்ல துரு கடிச்சிருக்கும். நாசில கழட்டி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்கு 50 மில்லி விட்டு நாலு நாள் ஊற விடுங்க. அப்புறம் ஸ்பேனர்ல முன்னும் பின்னுமா ஆட்டிப் பாருங்க, நீட்டு பைப்ப மாட்டி பலமா தம் கட்டாதீங்க. அசையலன்னா இன்னும் நாலு நாள் ஊறட்டும். அசைஞ்சாலும் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோட ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு, மிதிச்சாலும் கியர் விழலன்னா அதுதான். டீசல் டேங்க இறக்கி கழுவாம பழைய டீசல்ல ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கேள்வி: ஓடுது, ஆனா வெள்ளப்புகை, மிஸ்ஸிங் வேற. ஹெட் கேஸ்கெட்டா?

முதல்ல டீசல பாருங்க. ஒரு கண்ணாடி பாட்டில்ல ஃபில்டர் அடியிலேர்ந்து புடிச்சு வைங்க, தண்ணி கனம், அடில தனியா நிக்கும். இருந்தா டேங்க், லைன், ஃபில்டர் எல்லாம் காலி பண்ணி கைப்பம்பு அடிச்சு லைன்ல மாட்டின ஏர் எடுங்க. பம்ப்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் வழவழப்பு, தண்ணியோட ஓட்டினா ரெண்டும் போயிடும். இது பழைய பம்ப் வண்டிக்கு சொன்னது. சிஆர்டிஐ, அதாவது ரொம்ப அதிக பிரஷர்ல டீசல் அடிக்கற புது மாடல் வண்டில ஓடும்போது நாசில் பைப் நட்ட தளர்த்தி ஏர் எடுக்கறேன்னு யாராவது வந்தா தடுத்துடுங்க, அந்த பிரஷர் தோலைக் கிழிச்சு உள்ள போகும். டீசல் சுத்தமா இருந்தும் புகை நிக்கலன்னா அப்புறம் கேஸ்கெட்ட பத்தி எழுதுங்க.

கேள்வி: ஃபியூஸ் பாக்ஸ கேஸ் ஸ்டவ் சூட்டுல காட்டி காய வைக்கலாமா?

கூடாது. பிளாஸ்டிக் உருகும். ஏர் அடிச்சு, கான்டாக்ட் கிளீனர் போட்டு, ரெண்டு நாள் நிழல் காத்துல விடுங்க.

கேள்வி: நாகப்பட்டினம், மீன் லோடு வண்டி. கடல் தண்ணி ஏறிடுச்சு. நல்லாதான் ஓடுது, அப்படியே விடலாமா?

விடாதீங்க. நல்ல தண்ணிய விட உப்புத்தண்ணிக்கு அவசரம் ஜாஸ்தி. நெகட்டிவ கழட்டிட்டு இன்னிக்கே சேசிஸ் உள்பக்கம், டிரம், லீஃப் ஸ்பிரிங் எல்லாம் போர் தண்ணி உப்பா இல்லேன்னா அதுலயே நல்லா கழுவுங்க. வயர் சேர்ற கப்ளர் ஒவ்வொன்னா பிரிச்சு பாருங்க, பச்ச பூத்திருந்தா சுத்தம் பண்ணி கிரீஸ் வைங்க. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் கழட்டி சர்வீஸ் பண்ணியே ஆகணும், வெளில பாத்து நல்லாருக்குன்னு விட்டா ஆறு மாசத்துல நடுரோட்டுல நிப்பீங்க.

கேள்வி: இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?

தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா உங்க வண்டிக்கு ஒன்னும் கிடைக்காது, பழைய லோடு வண்டிக்கு நிறைய பேர் அதுதான் போட்டிருக்கீங்க. ஃபுல் பாலிசில வெள்ளம் சேரும், ஆனா தண்ணியோட ஸ்டார்ட் பண்ணதால இன்ஜின் போச்சுன்னா தனியா காசு கட்டி சேக்கற இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம அந்த செலவு வர்றது கஷ்டம். தண்ணி நிக்கும்போதே போட்டோ எடுங்க, கிளெய்ம் போடறதா இருந்தா சர்வேயர் பாக்கறதுக்கு முன்னாடி மேல சொன்ன எதையும் பிரிக்காதீங்க, டோயிங்லயே ஷெட்டுக்கு கொண்டு போங்க. சாவிய தொடாதீங்கன்னு நான் கத்தறதுக்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு எடுத்தா பின்வீல் ரெண்டும் லாக். கியர்ல போட்டு இழுத்துடவா?

இழுக்காதீங்க, லைனிங் பிஞ்சு வந்துடும். ஷூவும் டிரம்மும் துருல ஒட்டிக்கிச்சு. ஜாக்கி போட்டு, முன் வீலுக்கு கட்டை குடுத்து, ஹேண்ட்பிரேக்க முழுசா இறக்கிட்டு டிரம்ம சுத்தி சுத்தியால தட்டுங்க, விடும். விட்டதும் கழட்டி வீல் சிலிண்டர பாருங்க, பேரிங் கிரீஸ் மாத்துங்க, பிரேக் ஆயிலையும் மாத்திடுங்க. அந்த ஆயில் ஈரத்த இழுக்கும். டாட் 3ங்கற பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு கொதிக்கும், ஈரம் ஏறினா 140லயே கொதிக்கலாம், லோடோட மலை இறங்கறப்ப மிதிச்சா பெடல் கீழ போயிடும். அடுத்த தடவ தண்ணி வரும்னு தெரிஞ்சா ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு வீலுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வச்சு நிறுத்துங்க.