கல்முனையில் இருக்கிறேன், முதல் ஏர்சாஃப்ட் துவக்காக எதை வாங்கலாம்?

"ஏர்சாஃப்ட் பழக ஆசை, முன்பின் அனுபவம் இல்லை, முதலில் எதை வாங்கலாம், கறுப்பு எம்4 நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (தெரியாதவர்களுக்கு: ஏர்சாஃப்ட் என்பது பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற போலித் துவக்கோடு ஆடுகிற விளையாட்டு. எம்4 என்பது அமெரிக்க இராணுவத் துவக்கு ஒன்றின் வடிவம்.) வயதைச் சொல்லவில்லை. இருபது, இருபத்திரண்டு என்று வைத்துக்கொள்கிறேன். இரவிரவாக யூடியூப் பார்த்திருப்பீர்கள். லண்டனிலோ டொரன்டோவிலோ ஒரு மச்சான் இருப்பார், "அடுத்தமுறை வரேக்க கொண்டுவாறன்" என்று சொல்லியும் இருப்பார். பிழையென்றால் மன்னியுங்கள் தம்பி. தங்கச்சியாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை விருப்பமென்றால் வாசியுங்கள். முதலில் கண்ணாடியும் முகமூடியும் வாங்குங்கள். பிறகு விளையாட்டு நடக்கிற நாட்டில், நடக்கிற இடத்தில், வாடகைத் துவக்கோடு மூன்று ஆட்டம் ஆடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை நின்றால், பிளாஸ்டிக் உடம்புள்ள, பற்றரியில் ஓடுகிற எம்4 ஒன்று வாங்கலாம். உதிரிப்பாகமும் மகசினும் லேசாகக் கிடைப்பது அதற்குத்தான். கல்முனைக்குக் கொண்டுவருவது வேறு கதை. அதைக் கீழே சொல்கிறேன்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்டால், என்னிடம் இருப்பது முக்கால் பல்லும் ஒரு நீலத் துவக்கின் கதையும்தான்.

நான் ஆரையம்பதி. 2009இல் லண்டன் போய் ஏழு வருடம் இருந்தேன். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. (லண்டன் பீத்தல் என்று யாரும் தொடங்க வேண்டாம், இரவு இரண்டு மணிக்குச் சிகரட் விற்றதில் பீத்த ஒன்றும் இல்லை.) பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட் பக்கம் ஒரு காட்டுக்கு ஏர்சாஃப்ட் ஆடப் போவார். 2012 கார்த்திகையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க வகுப்பு. இது ஜப்பானில் தொடங்கின விளையாட்டு, உண்மைத் துவக்கு லேசில் வைத்திருக்க முடியாத நாட்டில் ஆசைக்குச் செய்த சாமான். டோக்கியோ மருயி என்கிற கொம்பனி 1991இல் பற்றரியும் மோட்டாரும் வைத்து, ஃபமாஸ் என்கிற பிரெஞ்சு இராணுவத் துவக்கின் வடிவத்தில் ஒன்றைச் செய்த பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. குண்டு ஆறு மில்லிமீற்றர் பிளாஸ்டிக் உருண்டை. சாதாரண குண்டின் எடை 0.20 கிராம். பெயின்ற்போல் மாதிரி உடுப்பில் நிறம் பிடிக்காது. பட்டவன்தான் "ஹிட்" என்று கத்திக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். நானோ கால்காப்பில் பந்து பட்டதையே ஒத்துக்கொள்ளாத ஊரிலிருந்து போனவன். இந்த விளையாட்டு எங்களுக்குச் சரிவராது என்று அப்போதே நினைத்தேன்.

அன்றைக்கு வாடகைத் துவக்கு. நன்றாகத்தான் இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். அடுத்த சம்பளத்தில் சொந்தமாக வாங்கப் போனேன்.

பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உண்மைத் துவக்குப் போலவே தெரிகிற போலித் துவக்கைக் கண்டபடி எல்லாருக்கும் விற்க முடியாது. நீங்கள் ஒழுங்காக ஆடுகிற ஆள் என்று காட்ட வேண்டும். நடைமுறையில், பதிவுள்ள ஒரு மைதானத்தில் குறைந்தது மூன்று ஆட்டம், அதுவும் இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்தில் பரவலாக ஆடி உங்கள் பெயர் பதிவில் ஏற வேண்டும். அதுவரைக்கும் பெரும்பகுதி பளிச்சென்ற நிறத்தில் இருக்கிற துவக்குத்தான் வாங்கலாம். பதினெட்டு வயதும் வேண்டும். "இரண்டு மாதம் பொறு தம்பி" என்று அண்ணன் சொன்னார். நான் பொறுக்கவில்லை. நீலத்தில் ஒரு எம்4 வாங்கினேன். நீலம் என்றால் கடல் நீலம் இல்லை, தண்ணீர் பரல் நீலம். காட்டுக்குள் நான் எங்கே ஒளிந்தாலும் தெரியும். அண்ணனின் கூட்டாளிகள் என் பெயரையே மறந்துவிட்டு "நீலம்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இப்போது நினைத்தால் அந்த நிறத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அன்றைக்கு இருந்தது.

கையிலிருந்த காசெல்லாம் துவக்குக்கே போய்விட்டது. கண்ணாடி மட்டும் கட்டாயம் என்றபடியால் வாங்கினேன். முகத்தின் கீழ்ப்பாதிக்குப் போடுகிற வலை முகமூடி மலிவுதான், ஆனால் "அது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று விட்டுவிட்டேன். இரண்டாவது ஆட்டம். மரப்பலகைகளை அடுக்கிக் கட்டின தட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எதிர்ப்பக்கத்து ஆள் பத்து மீற்றருக்குள் வந்தது தெரியாமல் தலையைத் தூக்கினேன். வாயில் சுள்ளென்று ஒன்று. குண்டு வாய்க்குள் போய்விட்டதாக்கும் என்று துப்பினேன். கையில் விழுந்ததை விரலால் புரட்டிப் பார்த்தால் குண்டு இல்லை. உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் கூராக இருந்தது. என் முன்பல்லின் மூலை.

சுட்டவன் ஓடிவந்து பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டான். பாவம், அவனில் ஒரு பிழையும் இல்லை. பல் வைத்தியருக்குக் கொடுத்த காசில் நாலு முகமூடி வாங்கியிருக்கலாம். ஒட்டின துண்டும் பிறகு ஒரு நாள் பாணோடு போய்விட்டது. அடுத்த கிழமை ஸ்கைப்பில் அம்மா முதலில் கேட்டதே "என்ன மனே, பல்லுக்கு என்ன நடந்த?" என்றுதான். படியில் சறுக்கி விழுந்தேன் என்றேன். இன்றைக்கும் அதுதான் கதை. அம்மா இதெல்லாம் வாசிக்க மாட்டா என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

ஏன் கண்ணாடியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். அங்கே மைதானங்களில் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துவக்கையும் ஒரு கருவியில் சுட்டு வேகம் பார்ப்பார்கள். 0.20 கிராம் குண்டோடு விநாடிக்கு 350 அடி என்பது பரவலான எல்லை. அது கிட்டத்தட்ட 107 மீற்றர். பல்லையே எடுக்கிற சாமான் கண்ணை என்ன செய்யும்? வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி உதவாது. நான் வாங்கின காலத்தில் ஐரோப்பாவில் ஈஎன் 166 (EN 166) என்கிற தரம் பார்த்து வாங்கச் சொல்வார்கள். அதில் "பி" (B) என்று எழுத்துப் பொறித்த கண்ணாடி, விநாடிக்கு 120 மீற்றரில் வருகிற சின்ன உருக்குக் குண்டைத் தாங்கும் என்று சோதித்தது. "எஃப்" (F) என்றால் 45 மீற்றர்தான். கண்ணாடியில் பொறித்த தரக் குறியைப் பாராமல் வாங்காதீர்கள். கம்பி வலைக் கண்ணாடி வியர்வைக்குப் புகார் படிந்து மங்காது, உண்மைதான். ஆனால் உடைந்த குண்டின் தூள் வலைக்குள்ளால் வரும். கண்ணுக்கு வலை வேண்டாம், வாய்க்கு வலை போதும்.

சரி, துவக்கு. மூன்று வகை. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுக்கிற ஸ்பிரிங் வகை மலிவு, ஆட்டத்தில் பிரயோசனம் குறைவு. காஸ் வகை, முக்கியமாகப் பிஸ்டல், கையில் பிடிக்க உண்மை மாதிரி உதறும், அதில்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் காஸின் அழுத்தம் வெக்கைக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். கென்ட் குளிரில் அண்ணனின் பிஸ்டல் நாலு சூட்டுக்குப் பிறகு இருமத் தொடங்கிவிடும். பற்றரி வகைதான் புதியவருக்கு. உள்ளே மோட்டார், பற்சக்கரம், பிஸ்டன், அவ்வளவுதான். குழலின் பின் முனையில் ஹொப்-அப் என்று ஒரு சின்ன றப்பர் இருக்கும். அது குண்டைப் பின்பக்கமாகச் சுழற்றி விடுவதால்தான் குண்டு தூரம் மிதந்து போகிறது. அதைத் திருகிச் சரிசெய்யப் பழகினால் மலிவுத் துவக்கும் நேராகச் சுடும். பழகாவிட்டால் விலைத் துவக்கும் வானத்தைத்தான் சுடும். காட்டில் 0.20ஐ விட 0.25 அல்லது 0.28 கிராம் குண்டு நல்லது, காற்றுக்கு அலையாது. மலிவுக் குண்டு மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே உடைந்து இறுகும்.

பற்றரி விசயத்தில் நான் செய்த மடைத்தனம் இன்னொன்று. துவக்கோடு வந்தது 8.4 வோல்ட். யாரோ பாவித்த 11.1 வோல்ட் லிபோ (லித்தியம் வகை) பற்றரி ஒன்று மலிவாகக் கிடைத்தது. போட்டால் தையல் மெசின் மாதிரி விடாமல் அடித்தது. அந்த ஆட்டம் முழுக்க நான்தான் ராசா. மத்தியானத்துக்குப் பிறகு விசையை அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் "கிர்ர்" என்று வந்தது, குண்டு வரவில்லை. திறந்து பார்த்த கடைக்காரர் பற்சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதுவும் என்னை மாதிரித்தான், பல்லில்லை. லிபோ போடுவதென்றால் 7.4 வோல்ட்டோடு நில்லுங்கள், அதற்குரிய சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள், ஏற்றிவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள்.

இனிக் கல்முனைக்கு வருவோம். "யுத்தம் பார்த்த ஊரில் துவக்கு விளையாட்டுக் கேட்கிறதா?" என்று சிலர் உங்களைப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். நானும் ஆடினவன். 1990இல் எனக்கு ஒன்பது வயது, சுற்றிவளைப்பும் தெரியும், சென்றிக் காவலரணும் தெரியும். அதற்காக விளையாட்டு பாவமென்று நான் நினைக்கவில்லை. என் பயம் வேறு.

2018 ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போனபோது திருவிழாக் கடையில் அக்காவின் மகனுக்கு ஒரு பிளாஸ்டிக் துவக்கு வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு. மஞ்சள் உருண்டை போட்டு இழுத்துச் சுடுகிறது. அவனுக்கு ஏழு வயது. நீலமோ சிவப்போ இருந்தால் வாங்கியிருப்பேன் என்று இப்போது சொல்வது லேசு. அப்போது கறுப்பைத்தான் அவன் கேட்டான், நானும் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்தேன். அடுத்த வருடம் ஏப்ரல் 21, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எங்கும் சோதனை. அடுத்த தெருவில் வீடுவீடாகத் தேடுகிறார்கள் என்று சொன்னதும் அம்மா நேராக அலுமாரியைத் திறந்து அந்தத் துவக்கை எடுத்தா. விளையாட்டுச் சாமான், விடுங்கோ என்றேன். "தூரத்தில இருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு முற்றத்துச் சீமெந்துப் படியில் வைத்து உலக்கையால் இடித்தா. மூன்று இடியில் சிதறிப்போனது. மருமகன் அழுதான். துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் கை கழுவினா. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்பது வேறு விசயம்.

உங்கள் மச்சான் பெட்டிக்குள் கறுப்பு எம்4 ஒன்றை வைத்துக் கொண்டுவருவதை இதோடு சேர்த்து யோசியுங்கள். சுடுகலன் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1916இல் இருந்தே இருக்கிறது. விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் சொல்வதைச் சுங்கத்தில் நிற்கிறவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆசை உண்மையென்றால் முதலில் எழுத்தில் அனுமதி கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். "ஒருவரைத் தெரியும்" என்கிற கதைக்கு எடுபடாதீர்கள்.

அனுமதி என்றதும் வயிறு எரிகிறது. என் மாமனாருக்குப் படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் வயல். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் யானை வரும். ஓர் இரவில் ஒன்றரை ஏக்கரை மிதித்துவிட்டுப் போன வருடமும் உண்டு. பயிர்க் காவலுக்கு ஒரு துவக்கு அனுமதி கேட்டு அவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. ஒரு மேசையில் கடிதம் இல்லை என்பார்கள், அடுத்த மேசையில் போன வருடக் கடிதம் செல்லாது என்பார்கள். யானை வெடியாவது தாருங்கள் என்றால் அதற்கும் வரிசை. அறுபத்தெட்டு வயதில் மனுசன் பரணில் இருந்து தகரம் தட்டுகிறார். யானைக்குத் தகரச் சத்தம் இப்போது பழகிவிட்டது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இப்படி ஒரு மனுசன் இருக்கிற பக்கத்தில் விளையாட்டுத் துவக்குக்கு எங்கே போய் என்ன கேட்பது என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நீலத் துவக்கைத் திருத்தி, ஊருக்கு வருமுன் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மட்டும் கொண்டுவந்தேன், அதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அது மாமனாரிடம். வெட்டுமெசின் வயலுக்குள் இறங்கினால் தூசிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்பார். "பி" என்ற எழுத்து ஓரத்தில் இன்னும் அழியவில்லை. போன போகத்தில் திருப்பிக் கேட்டேன், தரவில்லை.