கேள்வி–பதில்: ஐந்தாண்டுத் திட்டமும் கட்டாத சந்தாவும்

கேள்வி: எங்கள் மாநிலக் கணக்காளர் சங்கத்தின் உறுப்பினர் பேரேட்டில் 212 பேர். ஆண்டுச் சந்தா 120 ரிங்கிட். சென்ற ஆண்டு கட்டியவர்கள் 131 பேர்தான். 14 இலக்குகளோடு ஐந்தாண்டு வியூகத் திட்டம் வரைந்து ஆண்டுக் கூட்டத்தில் வைத்தோம். வந்த 34 பேரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஆறு மாதமாகிறது, ஒன்றும் நகரவில்லை. எங்கே தவறு?
– செயலவை உறுப்பினர், சுங்கை சிப்புட்

பதில்: திட்டத்தின் வரவு செலவை எடுத்துப் பாருங்கள். 212 பேரும் கட்டுவார்கள் என்று போட்டிருந்தால் 25,440 ரிங்கிட். கைக்கு வந்தது 15,720. ஆக 9,720 ரிங்கிட் துண்டு விழுகிறது. அடுத்தவர் கணக்கில் வாராக் கடனை மோப்பம் பிடிக்கும் நம்மவர்கள், சொந்தச் சங்கம் என்று வந்தால் பாக்கிச் சந்தாவையும் வருமானமாக எழுதிவிடுகிறார்கள்!

அடுத்து, பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் சேருங்கள்: சேர்ந்த ஆண்டு, கடைசியாகக் கட்டிய ஆண்டு, செய்யும் வேலை, கடைசியாக வந்த நிகழ்ச்சி. சேர்ந்த ஆண்டுவாரியாக அடுக்கினால் எங்கே கசிகிறதென்று தெரியும். முதல் இரண்டு ஆண்டுக்குள் நின்றுபோனவர்கள் அதிகமென்றால், அவர்கள் எதிர்பார்த்து வந்தது கிடைக்கவில்லை. பத்தாண்டு கட்டிவிட்டு நின்றவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றிருப்பார்கள், அல்லது கோலாலம்பூர் பக்கம் மாறியிருப்பார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

கூகுள் படிவம் வேண்டாம். நின்றுபோனவர் அதை நிரப்பமாட்டார். நிரப்புவோர் எப்படியும் கூட்டத்துக்கு வரும் அதே 34 பேர்தான். நின்றவர்களில் 20 பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சங்கத்தால் கடைசியாக உங்களுக்கு நடந்த நல்ல காரியம் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பேச்சில் பாக்கியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. திறந்தால் மறுநாள் வாட்ஸ்அப்பில் விஷயம் பரவி, மற்றவர்கள் போனை எடுக்கமாட்டார்கள்.

14 இலக்கை மூன்றாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு மாதம், ஒரு தொகை. "துணைக்குழு கவனிக்கும்" என்று எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது பழையதில் எதை நிறுத்துகிறோம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வேலை செய்யப்போவது அதே நாலைந்து பேர்தானே. சண்டை வருவதும் இங்கேதான். ஆண்டு விருந்தை நிறுத்துவோம் என்றால் தீர்மானம் தோற்கும். "இவ்வாண்டு மட்டும் விருந்துப் பணத்தைப் பயிற்சிக்கு மாற்றிப் பார்ப்போம்" என்றால் நிறைவேற வாய்ப்புண்டு.

சந்தாத் தொகையோ உறுப்பினர் வகையோ சங்க விதியிலேயே எழுதப்பட்டிருந்தால், கூட்டம் ஏற்றதுமே மாற்றிவிடாதீர்கள். விதித் திருத்தம் சங்கப் பதிவிலாகா அனுமதித்த பிறகே செல்லும். அதற்குள் புதுக் கட்டணத்துக்கு ரசீது வெட்டினால் பிறகு திருப்பிக் கொடுக்கும் தலைவலி. ஆண்டு அறிக்கையைக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அனுப்பவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: தணிக்கை விலக்கு வரம்பு உயர்கிறதே, எங்களைப் போன்ற சிறு ஊர் அலுவலகங்களுக்குச் சங்கம் என்ன செய்யலாம்?
– பீடோர் வாசகர்

பதில்: முதலில், கணக்கைத் தணிக்கை செய்யவேண்டாம் என்ற இந்த விலக்கு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனங்களுக்கு மட்டும். தனியாள் பெயரில் நடக்கும் மளிகைக்கடைக்கு முன்பும் சட்டப்படி தணிக்கை கிடையாது. 2025இல் தொடங்கும் நிதியாண்டுக்கு வருமானம் 1 மில்லியன் ரிங்கிட், சொத்து 1 மில்லியன், ஊழியர் 10 பேர் என்பது வரம்பு. 2026க்கு 2 மில்லியன், 2 மில்லியன், 20. 2027க்கு 3 மில்லியன், 3 மில்லியன், 30. மூன்றில் இரண்டு இந்த வரம்புக்குள் இருந்தால் போதும், விலக்கு உண்டு. ஆனால் நடப்பு ஆண்டோடு முந்தைய இரண்டு ஆண்டும் பொருந்தவேண்டும். லோரி குத்தகை, தோட்ட ஆள் குத்தகை நிறுவனங்கள் பல இதற்குள் அடங்கிவிடும்.

எனவே உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் எந்த ஆண்டு யார் தணிக்கையை விட்டு விலகுவார் என்று இப்போதே குறித்துவையுங்கள். கடனுக்காக வங்கி தணிக்கைக் கணக்கைக் கேட்டால் அவர் விலகமாட்டார். சங்கம் தணிக்கைப் பயிற்சியைக் குறைத்து, மாதக் கணக்கெழுதல், மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்), சம்பளப் பட்டியல் ஆகியவற்றில் அரைநாள் பயிற்சி வைக்கட்டும். ஞாயிறு காலை என்றால் ஆள் வரும். வருமான வரிப் படிவங்கள் குவியும் ஜூனில் வைத்தால் வராது.

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் 18 ஆண்டுகள் கிராணி (எழுத்தர்). நானும் கணக்காளர் சங்கத்தில் சேரலாமா?
– சுங்கை சிப்புட் வாசகர்

பதில்: எம்.ஐ.ஏ. எனும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் அனுபவத்தை மட்டும் வைத்துச் சேர முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ தொழில்முறைத் தகுதியோ, அதோடு 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் இருப்பதால், உறுப்பினராகாமல் பெயர்ப் பலகையில் "அக்கவுண்டன்ட்" என்று எழுதிவிடாதீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பான ஏ.சி.சி.ஏ.யின் அடித்தள நிலைத் தேர்வுக்கு முன்தகுதி கேட்பதில்லை, அங்கிருந்து தொடங்கலாம். உள்ளூர்ச் சங்க விதியில் வாக்குரிமையில்லாத இணை உறுப்பினர் வகை இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள்.