மாமா தரும் எட்டு இலட்சத்தில் ஸ்ரூடியோ கட்டலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 24. ஊர் தருமபுரம். பதினேழு வயதிலிருந்து ஓர் இசைக்குழுவில் ஓர்கன் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு என்று இரவுக்கு 6,000 ரூபா கிடைக்கும். வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வில் வாய்ப்பாட்டு நான்காம் தரம் வரை முடித்திருக்கிறேன். மடிக்கணினியில் சில பாடல்களுக்கு இசை அமைத்தும் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஸ்ரூடியோ கட்ட எட்டு இலட்சம் தருவதாகக் கனடாவிலிருக்கும் மாமா சொல்கிறார். அம்மாவோ அரசாங்க வேலைக்கு முயற்சி செய் என்கிறார். ஸ்ரூடியோ கட்டட்டுமா, மருதனார்மடம் போய்ச் சங்கீதம் படிக்கட்டுமா, சென்னைக்குப் போகட்டுமா? தொழில்முறை இசைக்கலைஞன் என்றால் என்ன என்பதே எனக்குத் தெளிவாகவில்லை.

பதில்: தம்பி, கட்ட வேண்டாம். காசை வேண்டாம் என்று சொல்லவில்லை; கட்டடத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏழு வருடமாக ஊர் ஊராகப் போய், சொன்ன நேரத்துக்கு மேடையேறி, காசு வாங்கி வாசிக்கிறீர்கள். அதற்குப் பெயர் தொழில்தான். நீங்கள் கேட்க வந்தது வேறு: மேடையிலிருந்து ஒலிப்பதிவுக்கு மாறுவது எப்படி என்பது. அங்கே சொல்லே ஒரு குழப்பம். தமிழில் தயாரிப்பாளர் என்றால் சினிமாவுக்குக் காசு போடுகிறவர். இசைத் தயாரிப்பாளர் அப்படியல்ல. ஒரு பாட்டு மெட்டாக இருக்கும் நாளிலிருந்து கேட்கத்தக்க பதிவாக வெளிவரும் நாள் வரை அதற்குப் பொறுப்பாக நிற்கிறவர். எந்தச் சுருதியில் பாடினால் பாடகியின் தொண்டை தாங்கும், எந்தச் சரணத்தை வெட்டலாம், தவிலுக்கு உண்மையான தவில்காரரைக் கூப்பிடுவதா, எந்தப் பதிவு சரி, எப்போது 'போதும்' என்று சொல்வது, எல்லாம் அவர் தலையில். எங்களூரில் இந்த வேலையையும் மெட்டமைப்பதையும் ஒலிக்கலவையையும் சில வேளை வீடியோ வெட்டுவதையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு 'இசையமைப்பாளர்' என்று நோட்டீசில் போடுகிறோம். நான்கு வேலைக்கு ஒரு சம்பளம். விலை பேசும்போது இந்த நான்கையும் பிரித்துப் பேசப் பழகுங்கள்.

நான் அப்படிப் பேசாமல் கெட்டேன். வவுனியாவில் வாடகை அறையில் இருந்த நாட்களில், வெளிநாட்டிலிருந்து ஒருவர் கோயில் பாமாலை ஒன்று கேட்டார். எட்டுப் பாடல். விலை தொலைபேசியில் பேசினோம், முற்பணம் வாங்கவில்லை. மூன்று மாத வேலை. கும்பாபிஷேகம் நெருங்கிவிட்டது என்று அவர் அந்தரப்பட்டதால், முழுத் தரத்தில் எட்டையும் அனுப்பினேன். பாடல்கள் கோயிலில் ஒலித்தன. காசு வரவேயில்லை. பாடிய பிள்ளைகளுக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு என் ஒழுங்கு இதுதான்: வேலை தொடங்க முன் பாதிக் காசு, கேட்டுப் பார்க்க அனுப்பும் பதிவில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை என் குரல் 'மாதிரி' என்று சொல்லும், மிச்சம் வந்த பிறகே சுத்தமான கோப்பு. எத்தனை தடவை திருத்தித் தருவேன் என்பதையும் எழுதிவிடுவேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்குத் தனிக் காசு. வட்ஸ்அப்பில் எழுதி அவரைச் 'சரி' என்று பதில் போட வைத்தாலும் போதும். பாட்டு யாருக்குச் சொந்தம், யூரியூப்பில் யார் ஏற்றுவது என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை உருவாக்கிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், அந்த உரிமை யாருடையது என்று பின்னர் வாதாடுவதில்தான் காலம் போகும்.

இனிக் கட்டடம். ஸ்ரூடியோ என்றதும் கல் வைத்துக் கட்டி, தகரம் போட்டு, உள்ளே முட்டை மட்டை ஒட்டி, வாசலில் பலகை தொங்கவிடுவதுதான் பலருக்கு நினைவில் வரும். முட்டை மட்டையும் மெல்லிய ஸ்பொஞ்சும் வெளிச்சத்தத்தைத் தடுக்கா. சத்தத்தைத் தடுப்பது பாரம்: தடித்த சுவர், இடுக்கில்லாத கதவு. மட்டை அறைக்குள் எதிரொலியின் கீச்சுப் பகுதியை மட்டும் கொஞ்சம் குறைக்கும்; கீழ்ச்சுருதி அப்படியே நின்று முழங்கும். நான்கு சீமெந்துச் சுவருக்கு நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டிரிங்' என்று ஒரு நடுக்கம் வந்தால், அந்த அறையில் பதிவாகும் ஒவ்வொரு குரலிலும் அது இருக்கும். தகரக் கூரை இன்னொரு தலையிடி. மழை பெய்தால் வேலை நிற்கும். மழையில்லாத நாளிலும் வெயில் ஏறி இறங்கும்போது தகரம் 'டிக், டிக்' என்று நெளியும்.

நான் கேட்ட நல்ல குரல் பதிவுகளில் ஒன்று மண்சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள பழைய குசினியில் எடுத்தது. மண்ணும் கிடுகும் ஒலியைத் திருப்பி எறிவது குறைவு. வெளிச்சத்தம் உள்ளே வரும் என்பது உண்மைதான். அதற்கு நேரம் பார்க்க வேண்டும்: இரவு பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில். அதற்குப் பிறகு மயில் கத்தத் தொடங்கிவிடும். வன்னியில் ஒலிப்பதிவு செய்கிறவன் மயிலோடு சமாதானமாகப் போகத்தான் வேண்டும். அப்படி ஒரு குசினி கிடைக்காவிட்டால், இருக்கிற அறையில் பாடுகிறவருக்குப் பின்னாலும் இரு பக்கத்திலும் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மைக்கைக் குரலுக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கண்டென்சர் மைக் இப்போது வேண்டாம். அது நுட்பமாகக் கேட்கும். பக்கத்து வளவுத் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துக் கேட்கும். மேடையில் நீங்கள் பார்த்துப் பழகிய எஸ்.எம். 58 போன்ற டைனமிக் மைக் போதும். அதற்குப் போலி நிறைய வருகிறது, நம்பிக்கையான கடையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் மின்சாரம். எங்கள் இணைப்பு 230 வோல்ட், 50 ஹேட்ஸ். புவித்தொடுப்பு, அதாவது ஏர்த், சரியில்லாவிட்டால் அந்த 50ம் அதன் மடங்கான 100ம் 'ம்ம்' என்று பதிவில் ஏறும். கோடையில் நிலம் காய்ந்ததும் ஏர்த் கம்பி வலுவிழந்து இரைச்சல் கூடும். கம்பியடியில் தண்ணீர் ஊற்றியதும் குறையும். நல்ல மின்பணியாளரைக் கொண்டு இன்னொரு கம்பி ஆழமாக இறக்கி, இணைப்பையும் அளந்து பார்க்கச் செய்யுங்கள். பல ஸ்ரூடியோக்காரர் மூன்று இலட்சத்துக்குக் கருவி வாங்கிவிட்டு இந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக. எல்லோரும் திருட்டுப் பிரதி வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளை கொடுக்க வேண்டிய பாட்டு இன்று திறக்காமல் போகும்போதுதான் அதன் விலை தெரியும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனியாளுக்கான உரிமம் 60 டொலர். அதில் செய்ய முடியாத வேலை உங்களுக்கு இன்னும் சில வருடங்களுக்கு வராது.

காது. ஏழு வருடம் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் நின்றிருக்கிறீர்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணிநேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணிநேரம்தான். திருவிழா மேடையில் விடிய விடிய நிற்கிறோம். முதல் செலவாகக் காதடைப்பான் வாங்குங்கள். கீச்சொலி கேட்காமல் போன காதோடு ஒலிக்கலவை செய்கிறவன், அதை ஈடுகட்டக் கீச்சைக் கூட்டிக்கொண்டே போவான். கேட்கிறவர்களுக்குக் காது குத்தும். சத்தத்தைக் கூட்டினால்தான் பாட்டு எடுபடும் என்பதும் எங்கள் ஒலிபெருக்கிப் பழக்கம். இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களை ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யூ.எப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கி நசுக்கி ஏற்றிய சத்தத்தை அது இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

இணையத்தில் பாட்டைப் போட்டு வாழலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. மாமா கேட்பார், அதனால் சொல்கிறேன். ஸ்பொட்டிபை 2024 முதல், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்குக் காசு கொடுப்பதில்லை. யூரியூப்பில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சந்தாதாரரும், ஒரு வருடத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். குறும் வீடியோ என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. அதை எட்டினாலும், சினிமாப் பாட்டை வாசித்துப் போட்டிருந்தால் அந்த வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமையாளருக்கே போகும். ஆகவே அதை வருமானமாக எண்ணாதீர்கள். உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று காட்டும் கண்ணாடி அலுமாரியாக வைத்திருங்கள்.

காசு வரும் இடம் வேறு. கோயில்களுக்கான பாமாலை, பாடசாலை நாடகத்துக்கும் நடனத்துக்குமான இசை, புலம்பெயர்ந்தவர்கள் கேட்கும் பிறந்தநாள், திருமணப் பாடல்கள், உள்ளூர் விளம்பரக் குரல்கள், நேரடி நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு. இவற்றில் கடைசியை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் கூத்து ஆடுகிற, உடுக்கடித்துப் பாடுகிற, அருவி வெட்டுப் பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைச் சுத்தமாகப் பதிவு செய்யத் தெரிந்தவனைத் தேடி வருவார்கள், ஆய்வு செய்கிறவர்களும் படம் எடுக்கிறவர்களும். சென்னையில் கணினிக்குள் கிடைக்காத ஒலி உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும்: பாடிய ஆச்சிக்குக் கையில் காசு கொடுங்கள், எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பலகாரமும் தேத்தண்ணியும் கொடுத்துப் பாட்டை வாங்கிப் போனவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு வந்துபோய்விட்டார்கள்.

படிப்பு. மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கற்பிப்பது வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் போன்ற கலைகள். ஒலிப்பதிவுத் தொழிலுக்கான இடம் அதுவல்ல. சங்கீத ஆசிரியர் ஆவது உங்கள் விருப்பம் என்றால் போகலாம், நுழைவுக்குச் செயன்முறைத் தேர்வும் உண்டு. சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய இசைக் கல்லூரி உட்பட நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ரஹ்மானே 1992இல் தமிழ்ப் படவுலகுக்கு இசையமைப்பாளராக வருமுன் பல ஆண்டுகள் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கீபோர்ட் வாசித்தவர், விளம்பரங்களுக்கு இசை செய்தவர். இளையராஜா ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். உங்களுக்கும் இப்போது தேவை ஓர் ஆள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தொடர்ந்து வேலை நடக்கும் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், கேபிள் சுற்றுகிறேன் என்று போய் நில்லுங்கள். பாடகி அழுதால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். விட்ட இடத்திலிருந்து சங்கீத சபைத் தேர்வையும் தொடருங்கள். ஐந்தாம் தரமும் ஆறாம் தரமும் முடித்தால், மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தும் நாலு காசு வரும்.

அம்மா சொல்வதைப் பயம் என்று தள்ளாதீர்கள். அவர் கேட்பது மாதாமாதம் வரும் காசு. எங்கள் தொழிலுக்கு அது இல்லை. பங்குனியிலிருந்து ஆவணி வரை கோயில்கள், நடுவில் ஆடியில் கலியாணம் இல்லை, ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய மழை. வயல் செய்கிற குடும்பங்களுக்கு இது புதிதல்ல. காலபோக நெல்லை விற்ற காசை அடுத்த அறுவடை வரை எப்படிப் பிரித்து வைப்பார்களோ, அப்படித் திருவிழாக் காசைப் பிரித்து வையுங்கள். ஒரு கொப்பி போடுங்கள்: போக்குவரத்து, ஒத்திகை, அடுத்த நாள் தூங்கிய பகல் எல்லாவற்றையும் எழுதிக் கழித்துப் பாருங்கள், அந்த 6,000 உண்மையில் எவ்வளவு என்று. ஒரு வருடக் கொப்பியை அம்மாவிடம் காட்டி, பிறகு அரசாங்க வேலையைப் பற்றிப் பேசுங்கள். வேலை கிடைத்தால் எடுக்கவும் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல ஒலிப்பதிவாளர் ஒருவர் பகலில் அலுவலகத்தில் எழுதுவினைஞர்.

மாமாவிடம் எட்டு இலட்சத்தை ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலில் இன்ரர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மைக், மூடிய ஹெட்போன், யூ.பி.எஸ்., ஏர்த் வேலை, மடிக்கணினிக்கு 16 ஜீபீ நினைவகம். இவற்றுக்கு வேண்டிய அளவை மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவரே வைத்திருக்கட்டும். காசு கொடுத்த இருபது பேரின் வேலையை முடித்துக் கொடுத்த பிறகும் இடம் போதவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். சுவர் எத்தனை அங்குலம் என்று அப்போது பேசுவோம். மீதியைக் கடனாகத் தருகிறோம் என்று லீசிங்காரர் வீடு தேடி வந்தால் படலையைத் திறக்க வேண்டாம்.

நீங்கள் இசை அமைத்த பாடல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன். வேவ் கோப்பாக, 24 பிட்டில். வட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பினால் கேட்கமாட்டேன்.